சம்பா வயலில் நிற்கையில் கிறிஸ்துமஸ்

"தீபாவளிக்குக் குறுவைப் பணம் இருக்கும், பொங்கலுக்குச் சம்பா நெல்லு இருக்கும், நடுவுல வர்ற கிறிஸ்துமஸுக்கு என்னடா இருக்கும்?" என்பார் அப்பா. பதிலையும் அவரே சொல்வார்: "ஒங்கம்மா காதுல தோடு இருக்கும்."

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கும், ஜனவரி 28இல் மூடும். குறுவை போட்டவர்கள் புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பார்கள். அந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு (மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும், எடுக்க மாட்டார்கள், ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு காவல் கிடக்க வேண்டும், அது தனிக்கதை) கையில் காசு பார்க்கும் நேரம் தீபாவளி வந்துவிடும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில்தான் களத்துக்கு வரும். டிசம்பர் கடைசியில் பயிர் கதிர் வாங்கி நிற்கும். நடவுக்கூலி, களையெடுப்பு, யூரியா, பூச்சிமருந்து என்று போட வேண்டியதையெல்லாம் போட்டாகியிருக்கும். எடுக்க வேண்டியது ஒன்றும் வந்திருக்காது. மேட்டூர் திறப்பு தள்ளிப்போன வருஷங்களில் குறுவையும் கிடையாது, ஒருபோகச் சம்பாதான். தீபாவளி எங்கள் பண்டிகை இல்லை என்பதால் அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கிறிஸ்துமஸ்தான் கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்கும் பூண்டிக்கும் நடுவில். டிசம்பர் பிறந்ததும் அம்மாவின் தோடு கூட்டுறவு சங்கத்துக்கு அடகு போகும், மாசியில் திரும்பி வரும். நடுவில் காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்வார். நடுராத்திரிப் பூசைக்கு மட்டும் கவரிங் தோடு. கோயிலில் பக்கத்து வரிசையில் நிற்கும் பெண்களில் பாதிப் பேர் காதிலும் அதேதான் என்பதால் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை.

நான் கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்து பல வருஷமாகிறது. வீட்டுக்காரருக்கு மாதச் சம்பளம். வயல் இல்லை, அணை திறந்தாலும் மூடினாலும் எங்கள் வீட்டு அடுப்புக்குப் பாதிப்பில்லை. ஆனால் பணத்தின் காலண்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. தனியார் கம்பெனியில் போனஸ் தீபாவளியை ஒட்டித்தான் போடுவார்கள். 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அதைக் கிறிஸ்தவனுக்கு டிசம்பரில் கொடு என்று சொல்லவில்லை. அக்டோபரில் வந்த பணம் டிசம்பர் வரை கணக்கில் அசையாமல் இருக்கும் வீடு எது என்று தெரிந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் அது ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸாகவும், மழைக்கு ஒழுகிய மாடி ஓரத்துச் சிமெண்டாகவும் மாறியிருக்கும்.

நாத்தனார் அரசுப் பள்ளி டீச்சர். அவர்களுக்குப் பண்டிகை முன்பணம் உண்டு, வேண்டிய பண்டிகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பத்தாயிரமாக இருந்ததை 2025இல் இருபதாயிரமாக ஆக்கினார்கள். வட்டி கிடையாது, பத்துத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஜனவரியில் பிடிக்க ஆரம்பித்தால் அக்டோபரில் முடியும். நவம்பரில் ஒரே ஒரு மாதம் முழுச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, டிசம்பரில் மறுபடி எழுதிக் கொடுத்துவிடுவார். "நான் எப்பவும் போன வருஷத்துச் சேலைக்குத்தான் காசு கட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணி" என்று அவரே சிரிப்பார்.

அப்புறம் சீட்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா வாரம் நூறு ரூபாய் வாங்கிப் போவார். வருஷத்துக்கு ஐயாயிரத்து இருநூறு. டிசம்பர் இரண்டாம் வாரம் மளிகைச் சாமான் மூட்டை, எண்ணெய் டின், ஒரு எவர்சில்வர் பாத்திரம் என்று வீட்டுக்கு வந்து இறங்கும். சாமான்களைக் கடை விலைக்குக் கூட்டிப் பார்த்தால் கட்டின பணத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். வட்டி என்ற பேச்சே இல்லை. அதே பணத்தைப் பேங்கில் பன்னிரண்டு மாத ஆர்.டி. போட்டால் கொஞ்சமாவது கூட வரும், பணமும் பத்திரம். பதிவு செய்யாத சீட்டில் ஆள் ஓடிவிட்டால் யாரிடம் போய் நிற்பது? இதையெல்லாம் நான் தெருப் பெண்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், யாரும் ஆர்.டி. போடவில்லை. காரணம் எனக்குப் புரியத்தான் செய்கிறது. பேங்க் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்று "என்னக்கா, இந்த வாரம் குடுத்துரு" என்று கேட்காது. அந்த அக்கா கேட்பார். குறைகிற அந்த இருநூறு, முந்நூறு அவர் நடந்து வருவதற்கான கூலி. நான் ஆர்.டி.க்காரி. அதற்காக அவர்களை ஏளனமாகப் பார்ப்பவள் இல்லை.

சரி, வருகிற பணம் இப்படி. போகிற பணத்துக்கு வருவோம்.

சின்ன வயதில் எங்களுக்குத் துணி எடுப்பது ஒரே சாயங்காலத்தில் முடியும் வேலை. அப்பா திருக்காட்டுப்பள்ளிக் கடையில் ஒரே தானிலிருந்து கிழிக்கச் சொல்வார். அண்ணன்கள் இருவருக்கும், சித்தப்பா மகன்களுக்கும் ஒரே கட்டம் போட்ட சட்டை. எனக்கும் தங்கைக்கும் ஒரே பூப்போட்ட பாவாடை. மொத்தமாக வாங்குவதால் மீட்டருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் குறையும், மிச்சத் துணியில் தம்பிக்கு ஒரு டவுசர் வரும். ஊர் டெயிலர் எங்கள் கோயில் பங்கு மொத்தத்துக்கும் ஒருவர்தான். இருபதாம் தேதியே கொடுத்திருந்தாலும் இருபத்துநான்காம் தேதி ராத்திரி, கோயிலில் முதல் மணி அடித்த பிறகுதான் கைக்கு வரும். காஜா எடுக்கிற பையன் அதற்குள் தூங்கி விழுந்திருப்பான். சட்டையில் பட்டன் இருக்கும், காஜா இருக்காது. அம்மா ஊக்கு குத்தி விடுவார். குழந்தை யேசுவை முத்தி செய்யக் குனியும்போது ஊக்கு நெஞ்சில் குத்தும். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இப்போது துணிக்கு எங்கள் வீட்டில் ஆகும் செலவு மொத்தத்தில் பாதி. ஆனால் துணியின் விலையால் அப்படி ஆவதில்லை. கணக்கு நோட்டு எழுதும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது (அவர் யூரியா மூட்டைக் கணக்கோடு பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸையும் எழுதுவார்). அதனால் இதை ஓரளவு உறுதியாகவே சொல்கிறேன். காந்திஜி ரோட்டில் ஒரு சேலை ஆயிரத்து எண்ணூறுக்கு எடுக்கிறேன் என்று வையுங்கள். அதோடு முடிந்ததா? ஃபால்ஸ் அடிக்கணும், ஓரம் அடிக்கணும், உள்பாவாடை நிறம் ஒத்துவரணும். சேலையோடு வரும் பிளவுஸ் துணி நன்றாக இருக்காது, தனியாக ஒன்று எடுக்கணும். லைனிங் வைத்துத் தைக்கக் கூலி. போதாதென்று இப்போது ஆரி ஒர்க் வந்திருக்கிறது. கையிலும் முதுகிலும் நாலு பூ போட்டால் சேலை விலையைத் தொட்டுவிடுகிறது, சில சமயம் தாண்டிவிடுகிறது. கடைசியில் வளையல், அப்புறம் அதற்கேற்ற செருப்பு. சேலை எடுக்கும்போது அரைமணி நேரம் பேரம் மாதிரி யோசிக்கிற நாங்கள், இந்த வாலுக்கெல்லாம் ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. ஏனென்றால் சேலையை எடுத்தாகிவிட்டது, இனி இதெல்லாம் இல்லாமல் முடியாது. இதனால் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன்: சேலை விலையை இரண்டால் பெருக்கி, அந்தத் தொகை கையில் இருந்தால்தான் எடுப்பேன். எளிய கணக்கு, நோட்டில் பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

கட்டைப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கடைகளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுத்தால்தான் அந்தப் பை. பில் போடும் இடத்தில் நின்றுகொண்டு, இன்னும் முந்நூறு ரூபாய்க்கு எடுத்தால் பை கிடைக்கும் என்று கர்ச்சீப் பெட்டியும் துண்டும் எடுக்கப் படியேறித் திரும்பிப் போகிற குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். கேலியாகச் சொல்லவில்லை. கட்டைப் பை எங்கள் பக்கம் வருஷம் முழுக்க உழைக்கும் சாமான்: ரேஷன் அரிசி, பூண்டி மாதா கோயிலுக்குப் போகையில் மாற்றுத்துணி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்குச் சாப்பாடு, எல்லாம் அதில்தான். இருந்தாலும் முந்நூறு ரூபாய்க்குக் கீழவாசலில் அதைவிட உறுதியான பையே இரண்டு வாங்கலாம்.

திருச்சிக்குப் போவது இன்னொரு பழக்கம். என்.எஸ்.பி. ரோட்டில் வெலை சல்லிசு என்பது தஞ்சாவூரில் எல்லாருக்கும் தெரிந்த வேதவாக்கு. சல்லிசுதான், இல்லையென்று சொல்லமாட்டேன், முக்கியமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றிய நடைபாதைக் கடைகளில். ஆனால் நாலு பேர் பஸ்ஸில் போய், மெயின்கார்டு கேட்டில் இறங்கி, கூட்டத்தில் நசுங்கி, மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பும்போது மிச்சம் பிடித்தது போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. "இவ்ளோ தூரம் வந்தாச்சு, சும்மாவா திரும்புறது" என்ற ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதற்குத்தான் பணம் அதிகம் போகும். பட்டியலில் இல்லாத பெட்ஷீட் எங்கள் வீட்டில் எத்தனை வந்து சேர்ந்திருக்கிறதோ, எல்லாமே திருச்சிப் பெட்ஷீட்தான். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டியதைத் தீபாவளி முடிந்த மறுவாரம் தஞ்சாவூரிலேயே எடுத்துவிடுகிறேன். கடையில் கூட்டம் இருக்காது, விற்காமல் நின்ற தீபாவளிச் சரக்கை முன்னால் தள்ளியிருப்பார்கள். அளவு கிடைப்பதுதான் கொஞ்சம் பாடு. அரையாண்டுப் பரீட்சை முடிந்து இருபத்துமூன்றாம் தேதி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் கதை வேறு. அன்றைக்குக் கடைக்காரர் எதையும் முன்னால் தள்ள வேண்டியதில்லை.

பணத்தைக் கவர் போட்டு வைக்கிறேன். கல்யாணத்தில் வாங்கும் மொய்க் கவர்களைக் கிழிக்காமல் பிரித்துச் சேர்த்து வைத்திருப்பேன், அதன் முதுகில் எழுதுவேன்: துணி, பலகாரம், கோயில், கறி, கைச்செலவு. போனில் ஸ்கேன் செய்வதில் எனக்கு விரோதம் எதுவும் இல்லை, பால்காரருக்கே அப்படித்தான் கொடுக்கிறேன். டிசம்பரில் மட்டும் வேண்டாம். போனில் காசு குறைவது தெரிவதில்லை. கவர் மெலிவது விரலுக்கே தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கிறிஸ்துமஸும் நோட்டில் இருக்கிறது. 2016. அந்த வருஷம் மேட்டூரில் செப்டம்பரில்தான் தண்ணீர் திறந்தார்கள், அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துப் போனது. நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு. வாரத்துக்கு இருபத்துநாலாயிரம்தான் எடுக்கலாம், ஏ.டி.எம்.மில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு, அதுவும் மிஷினில் பணம் இருந்தால். எங்கள் அப்பா மாதிரி விவசாயிகள் கணக்கு வைத்திருந்தது கூட்டுறவு வங்கியில். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளில் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ஒரு வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த கிறிஸ்துமஸுக்குக் கார்டு தேய்க்கிற பெரிய ஜவுளிக் கடையில் கூட்டம் இருந்தது, வாசலில் ரிப்பனும் ஸ்டாரும் விற்றவர் முன்னால் ஈ ஓட்டினார். கையில் காசிருந்தவர்கள் சில்லறை உடைக்க மனமில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கார்டு இருந்தவர்கள் தேவைக்கு மேலேயே எடுத்தார்கள், எப்படியும் பணமாக எடுக்க முடியாதே என்று. செலவைத் தீர்மானிப்பது ஆசையைவிடப் பணம் எந்த உருவத்தில் இருக்கிறது என்பதுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதிலிருந்து. அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அம்மாவின் தோடு அந்த மாசியில் வரவில்லை.

ஸ்டார், சீரியல் லைட்டுக்கெல்லாம் நான் புதிதாகச் செலவழிப்பதில்லை. போன வருஷத்து ஸ்டாரைத் தூசி தட்டினால் போதும். குடிலுக்கு வைக்கோல் ஊரிலிருந்து வந்துவிடும், மகன் ஒரு தட்டில் கேழ்வரகு முளைக்க வைப்பான், அதுதான் பெத்லகேம் புல்வெளி. கேரல் பாடிக்கொண்டு வரும் இளைஞர்களுக்குக் கவரிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தொகையை, போன வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்காமல் கொடுப்பேன். கேட்டால் கூடத்தான் ஆகும்.

பலகாரக் கவர் மட்டும் நான் எந்த வருஷமும் கை வைக்காத கவர்.

எதிர்வீட்டு அக்கா தீபாவளிக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசமும் முறுக்கும் கொடுத்தனுப்புவார், மேலே மைசூர்பாகு. தெருக்கோடியில் பாய் வீட்டிலிருந்து நோன்பு நாளில் கஞ்சி வரும், பெருநாளைக்குப் பிரியாணி வரும். பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் அன்றைக்கு ஒரு பிடி சர்க்கரையோ நாலு வாழைப்பழமோ போட்டுக் கொடுப்பேன். அது கைமாற்று மாதிரி. முழுக் கடன் டிசம்பரில்தான் தீரும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் வந்து இறங்கியது 1706இல். இந்த மண்ணில் கிறிஸ்துமஸ் முந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு, அதனால் யாருக்கு என்ன கொடுக்கலாம் என்பதெல்லாம் எங்கள் பாட்டிகள் காலத்திலேயே தீர்ந்துபோன விஷயம். பிளம் கேக்தான் புதுசு, புதுச் சிக்கலும் அதில்தான்.

கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். எதிர்வீட்டு அக்கா அந்த மாதம் முழுக்க முட்டைகூடத் தொடமாட்டார். பக்கத்து வீட்டுத் தம்பி சபரிமலைக்கு மாலை போட்டிருப்பான், அவன் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே முட்டை நுழையக் கூடாது. கேக்கைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், மறுக்கமாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள். வாங்கி வைத்து வேலைக்காரம்மாவிடம் கொடுப்பார்கள். முட்டையில்லாத கேக் பேக்கரியில் கிடைக்கும், விலை கூட, ருசி ஏதோ போல. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு வேலை. அச்சு முறுக்குக்கு அம்மா மாவில் முட்டை ஊற்றுவார். நான் அக்கம்பக்கத்துக்கென்று தனியாகப் பச்சரிசி மாவில் தேங்காய்ப்பால், சர்க்கரை, எள்ளு மட்டும் சேர்த்துக் கரைக்கிறேன். முட்டை இல்லாவிட்டால் அச்சிலிருந்து எளிதில் கழலாது. அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கி, மேல் விளிம்பு மூழ்காமல் எடுத்து, எண்ணெயில் இறக்கி ஒரு குலுக்கு. முதல் நாலைந்து ஒட்டிக்கொண்டு வம்பு செய்யும், அது பிள்ளைகள் பங்கு. அதற்குப் பிறகு பூ மாதிரி விழ ஆரம்பிக்கும். அதை முதலில் சுட்டுத் தனி டப்பாவில் எடுத்து வைத்த பிறகுதான் முட்டை மாவு. எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தும் வரிசை மாறக் கூடாது.

இதற்கு ஆகும் செலவு கொஞ்சமில்லை. 2024 செப்டம்பரில் சுத்திகரித்த சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியை 12.5 சதவீதத்திலிருந்து 32.5 ஆக்கினார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எண்ணெய்ப் பாக்கெட் விலையைப் பார்த்து வீட்டுக்காரர், "இந்த வருஷம் ஒரு கிலோ ஸ்வீட் வாங்கி எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துடேன்" என்றார். 2018இலும் இப்படித்தான் ஒரு பேச்சு வந்தது. நவம்பர் 16இல் கஜா புயல் அடித்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது, அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் கரண்டே வந்திருக்கவில்லை. அந்த வருஷம் நாங்கள் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை, துணிக் கவரை அப்படியே அங்கே கொடுத்தோம். பலகாரம் மட்டும் சுட்டேன், எப்போதும் போல.

இதில் பிடிவாதம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்காகவும் யோசித்துப் பாருங்கள். சேலை ஒரு ராத்திரி, அப்புறம் ஒரு கல்யாணம், அப்புறம் பீரோ. பலகாரக் கவரில் போகும் பணத்துக்கு அந்தத் தெருவில் எனக்கு வருஷம் முழுக்க வரவு உண்டு. மாமியாருக்கு ராத்திரி மூச்சுத் திணறியபோது ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றவர் பாய். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இல்லாவிட்டால் சாவி எதிர்வீட்டு அக்காவிடம். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் பலகாரம் கொடுக்கிறாயா என்று மகள் கேட்டாள். எதிர்பார்த்தும்தான் கொடுக்கிறேன், அதில் என்ன தப்பு?

இந்த வருஷச் சண்டை புதுவருஷ டிரஸ்ஸில் வந்து நிற்கிறது. எங்கள் ஆட்களுக்கு கிறிஸ்துமஸுக்கு ஒன்று, டிசம்பர் 31 ராத்திரி நன்றிப் பூசைக்கு ஒன்று என்று இரண்டு எடுக்கும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் இரண்டு புதுத்துணி, இரண்டு வாரத்தில் பொங்கல். கிறிஸ்துமஸ் டிரஸ்ஸையே போட்டுக்கொள், அன்றைக்குப் பார்த்தவர்கள் யாரும் குறிப்பு எடுத்து வைத்திருக்கமாட்டார்கள் என்றேன். மகள், "சரிம்மா, ஆனா எனக்குப் பங்கைக் காசாக் குடுத்துரு, நானே பாத்துக்கறேன்" என்று துணிக் கவரிலிருந்து வாங்கிக்கொண்டு ஆன்லைனில் ஒரு குர்த்தா போட்டுவிட்டாள். கடையில் எடுப்பதைவிட நூற்றைம்பது ரூபாய் குறைவாம். இருபத்தொன்றாம் தேதி வரும் என்று போனில் காட்டுகிறது. படத்தில் பார்த்தால் தோள் இறங்கி நிற்கும் போலத் தெரிகிறது. எங்கள் டெயிலர் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று போனேன். "இருபதுக்கு மேல ஒருத்தரும் வராதீங்கம்மா" என்று கடை வாசலில் அட்டையே தொங்கவிட்டிருக்கிறார். தையல் பிடிக்க நூற்றைம்பது ஆகும் என்றார்.